மூடாமல் விட்ட ஒரு மூட்டை

மேடவாக்கத்தில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து அடிப்பவர்கள் வருகிறார்கள். போன மாதம் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சமையலறை மூலைகளில் மருந்தடித்தார், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கரப்பானுக்குப் பசை வைத்தார், ஒரு அட்டையை நீட்டினார். அதில் எழுத வேண்டியது எதுவுமே இல்லை. "சமையலறையும் சேமிப்புப் பொருட்களும் முழுமையாகச் சோதிக்கப்பட்டன" என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அரிசி டப்பாவை நீங்க திறக்கவே இல்லையே" என்றேன்.

"அது ஃபார்மட் சார். ஆபீஸ்லயே அடிச்சிக் குடுத்துட்றாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வரியை நான் என் கையால் எழுதிய காலம் ஒன்று உண்டு. அதனால் ஒரு பெண்ணின் வேலையும் அவள் குடியிருந்த அறையும் போகப் பார்த்தன. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் அதெல்லாம் ஞாபகம் வந்தது.

எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதற்குப் பிறகு ஊர் சுற்றினேன். கோவளத்தில் மீன் ஏலம் எடுப்பவரிடம் ஐஸ் உடைத்தேன். கேளம்பாக்கம் உப்பளத்தில் ஒரு கோடை. திரிசூலம் பக்கம் கல் குவாரியில் இருந்தபோது இடது கை மோதிர விரலின் நுனி போயிற்று. புண் ஆறியதும் லாரியில் கிளீனராக ஏறிக்கொண்டேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பட்டறையில் மரப்பெட்டிக்கு ஆணி அடித்தேன். எங்கேயும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. முதலாளி சத்தம் போட்டாலோ, ஏதாவது ஒரு பொருள் காணாமல் போனாலோ, மறுநாள் காலையில் நான் அங்கே இருக்கமாட்டேன். தவறு என்னுடையதாக இல்லாவிட்டாலும் இருக்கமாட்டேன். என்னிடம் ஒரு ரெக்சின் பை இருந்தது. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. அதைத் தோளில் மாட்டினால் அந்த ஊர் முடிந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே மருந்து வைக்க ராஜமாணிக்கம் சார் வந்தார். அரசுக் கிடங்கு ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, தானியப் பூச்சிக்கு மருந்து வைக்கும் தொழிலைத் தனியாக நடத்தினார். அன்று நான் முதுகில் இருந்த மூட்டையை அடுக்கில் போடாமல் தனியாக இறக்கி வைத்தேன்.

"ஏன் தனியா வெக்கறீங்க?" என்று கேட்டார்.

"இது சூடா கீது சார். உள்ள பூச்சி கீது."

"எப்படித் தெரியும்?"

"முதுவுல தெரியுது."

அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, மூட்டையின் வாயைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கையை எடுத்தபோது விரல் நடுவில் நாலைந்து மூக்கு வண்டுகள் ஊர்ந்தன. பூச்சி பெருகிய தானியம் சூடேறும் என்று அவர் புத்தகத்தில் படித்திருந்தார். நான் முதுகால் படித்திருந்தேன். அடுத்த வாரம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரிசிக்கு மூக்கு வண்டு. மாவுக்குச் சிவந்த சின்ன வண்டு. ரவையிலும் மைதாவிலும் நூல் கட்டுவது ஒரு அந்துப்பூச்சியின் புழு. பயறின் தோல்மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. இனி அந்தப் பயறுக்குள் ஒருவன் குடியிருப்பான். கிடங்கு வேலை என்றால் அடுக்கின் நீள அகல உயரத்தை அளந்து, அதற்கு எத்தனை மாத்திரை என்று கணக்குப் போட்டு, மூட்டைகளுக்கு நடுவில் தட்டுகளில் வைத்து, மேலே கனமான ரப்பர் துணியைப் போர்த்த வேண்டும். மாத்திரை காற்றின் ஈரத்தைக் குடித்து விஷவாயுவாக மாறும். வாயு வெளியே வராதபடி துணியின் ஓரமெங்கும் நீளமான மணல் பைகளை ஒன்றன் வாலில் ஒன்றின் தலையாக வைப்போம். பாம்பு என்று அவற்றுக்குப் பெயர். துணியையும் பாம்புகளையும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் ஏற்றி நான் மிதிப்பேன். சார் மொபெட்டில் முன்னால் போவார்.

இந்த மருந்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். துணிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அது கொல்லும். முட்டை, புழு எதுவும் மிஞ்சாது. ஆனால் துணியை எடுத்துக் காற்றாட விட்ட பிறகு அங்கே மருந்து என்று எதுவும் இல்லை. வெளியிலிருந்து ஒரு வண்டு நடந்து வந்தால் தாராளமாகக் குடியேறலாம்.

ராஜமாணிக்கம் சார் யாரையும் நீ என்று சொல்லமாட்டார். மூட்டை தூக்குகிறவர்களையும் நீங்கள்தான். கோபம் வந்தால் அந்த 'நீங்க' கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான் அடையாளம். அவர் சத்தம் போட்டு நான் பார்த்தது ஒரே முறை. சேலையூரில் ஒரு குடும்பம், மண்டி ஆள் ஒருவரிடம் இந்த மாத்திரையை வாங்கி, துணியில் முடிந்து, சமையலறை அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, வாந்தி. தகவல் கேட்டு நாங்கள் போய், ஜன்னலெல்லாம் திறந்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு சார் நேராக மண்டிக்குப் போய், "இது வீட்டுக்குள்ள போற சாமானா? உள்ள அரிசி மட்டும்தான் இருக்குன்னு நெனச்சீங்களா, ஆளுங்க இல்லையா?" என்று கத்தினார். அந்தக் கதை தாம்பரம் முழுக்கப் பரவியது.

வேலை முடிந்ததும் அறிக்கை எழுதுவது அவர்தான். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பூச்சி இல்லை என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. "பார்த்த இடங்களில் காணவில்லை" என்று எழுதி, எந்தெந்த இடம் என்றும் எழுதுவார்.

"இல்லைன்னு எழுதிட்டா வேலை முடிஞ்சுது சார்" என்று ஒருநாள் சொன்னேன்.

"எத்தனை மூட்டைல கை விட்டீங்க, ஏழுமலை?"

"பத்து."

"அப்போ பத்து மூட்டைக்குத்தான் நீங்க சாட்சி."

மனுஷருக்கு இது ஒரு வியாதி என்று நினைத்துக்கொண்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவ சபையார் பெண்கள் விடுதி ஒன்றை நடத்தினார்கள். பெரும்பாலும் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் ஏழைப் பிள்ளைகள். சமையலறைக்குப் பின்னால், தனியாக ஓடு போட்ட கட்டடம்தான் ஸ்டோர். அதைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர் அக்கா. கணவர் இறந்துவிட்டார். வளாகத்துக்குள்ளேயே ஒரு அறையில், பத்தாவது படிக்கும் மகளோடு இருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு நையாண்டி. நான் மீன்பாடி வண்டியோடு உள்ளே நுழைந்தால், "வந்துட்டாருப்பா பாம்பாட்டி!" என்பார்.

அந்த வருஷம் மழை அதிகம். ஸ்டோரில் அரிசி மூட்டைகளில் வண்டு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் மருந்து வைப்பது என்று முடிவானது. அப்போது சாருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி, ஒரு கண்ணில் கட்டோடு வீட்டில் இருந்தார். "இந்த வேலையை நீங்களே முடிச்சிடுங்க. அறிக்கையும் நீங்களே எழுதுங்க" என்றார். எனக்கு அதில் பெருமை.

நாற்பது மூட்டையையும் சுவரிலிருந்து தள்ளி அடுக்கினேன். துணியைப் போர்த்தும் நேரத்தில்தான் மூலையில், ஒரு ஸ்டூல் மேல், வெள்ளைத் துண்டு போட்டு மூடிய ஒரு மூட்டையைப் பார்த்தேன்.

"இது இன்னாக்கா?"

"அது பிடியரிசிப்பா. அதுல வெக்காத."

பிடியரிசி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சபையைச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உலை வைக்கும்போது, அரிசி களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு தனி டப்பாவில் போடுவார்கள். வேளைக்கு ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கொட்டிக்கொண்டுபோய் ஆலயத்தில் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அந்தச் சபையில் அது விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு என்று வழக்கம். திங்கட்கிழமை காலை விடுதிக்கு வந்துவிடும். புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து, பல நிறத்தில் இருக்கும்.

"எல்லாத்தயும் மூடணும்க்கா. சார் சொல்லிருக்காரு."

"சேலையூர்ல அந்த அரிசி டிரம் கதைய நானும் கேட்டேன். மீதி அரிசி கடையில வாங்கனது, நீ இன்னா வேணா பண்ணு. இது ஆண்டவருக்குன்னு எடுத்து வெச்சது. இதுல போயி வெசத்த வெச்சேன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது தம்பி."

நான் சொல்லியிருக்கலாம், காற்றாடிய பிறகு அதில் விஷம் இருக்காது என்று. அல்லது கையாவது உள்ளே விட்டுப் பார்த்திருக்கலாம். மணி மூன்றாகிவிட்டது. சேறு குழைத்துக் கதவிடுக்கு அடைக்க வேண்டும். அத்துடன், எனக்கும் ஒரு கூச்சம் இருந்தது. நான் வேறு சாமி கும்பிடுகிறவன் என்றாலும், காணிக்கை என்று சொன்ன பொருளில் கை வைக்க மனம் வரவில்லை. மூட்டையைத் தூக்கி வெளியே தாழ்வாரத்தில் வைத்தேன். ஏழு நாள் கழித்துத் துணியை எடுத்து, கதவு ஜன்னல் திறந்து, சாயங்காலம் வரை காற்றாட விட்டேன். எஸ்தர் அக்கா அந்த மூட்டையைக் கொண்டுவந்து அடுக்கின் உச்சியில் வைத்தார். நான்தான் ஒரு கை கொடுத்தேன்.

அப்புறம் அறிக்கை. சார் எழுதுவதைப்போலவே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு மூட்டை வெளியே இருந்தது என்று எழுதினால் ஏன் என்று கேட்பார். அதனால், "முழு இருப்பும் மூடி மருந்து வைக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரியில் விடுதியிலிருந்து ஆள் வந்தது. ஸ்டோரில் மறுபடி வண்டு. மதியச் சோற்றில் மிதந்திருக்கிறது. ஒரு பிள்ளையின் அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாரும் நானும் போனோம். விடுதியின் செயலாளர் ஞானராஜ் சார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எதையும் கோப்பில் போட்டு வைப்பவர். எங்கள் அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"முழு ஸ்டாக்கும் கவர் பண்ணதா உங்க ஆள் எழுதியிருக்கார். இது கரெக்டா மிஸ்டர் ராஜமாணிக்கம்?"

சார் அறிக்கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "எங்க ஆள் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ டிசம்பருக்கு அப்புறம் உள்ள வந்ததுக்கு ஸ்டோர் கீப்பர்தான் பொறுப்பு. இது மூணாவது கம்ப்ளெயின்ட். சனிக்கிழமை கமிட்டி. வேற ஆள் போடறதுன்னு பேச்சு."

வேறு ஆள் என்றால் அந்த அறையும் வேறு ஆளுக்கு. மார்ச்சில் அக்காவின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. எஸ்தர் அக்கா கதவோரம் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சார் ஸ்டோருக்குள் போய் ஒவ்வொரு மூட்டையாகக் கை விட்டார். மேல் வரிசை சூடாக இருந்தது. நடுவில் லேசான சூடு. கீழ் வரிசையில் ஒன்றுமில்லை. பிடியரிசி மூட்டை மறுபடி ஸ்டூலுக்கு வந்திருந்தது. அதற்கு அடியில் தவிடுபோல் மாவு உதிர்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது சார் சொன்னார்: "மேலேர்ந்து கீழ இறங்கியிருக்கு. உச்சியில என்ன இருந்துச்சு, ஏழுமலை?"

"தெரியல சார்" என்றேன். ரயில் போயிற்று. கேட் திறந்தது.

மறுநாள் மத்தியானம் எஸ்தர் அக்காவைப் பார்க்கத் தனியாகப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"பூச்சி எதுலேர்ந்து வந்துச்சின்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"எனுக்குக் கண்ணு கீது."

"அப்ப ஏன் சொல்லல?"

முறத்தைக் கீழே வைத்தார். "இன்னான்னு சொல்லச் சொல்ற? உங்க காணிக்கைல புழுன்னா? அது எந்த வூட்டு அரிசின்னு கேப்பாங்க. அது என் வூடு இல்ல, உன் வூடுன்னு ஆளாளுக்கு மூஞ்ச தூக்கிக்குவாங்க. அடுத்த ஞாயித்துக்கிழம ஒருத்தி கொண்டாரமாட்டா. மாசக் கடைசில அந்த மூட்டைய வெச்சித்தான் ராத்திரிக்கு ஒப்பேத்தறேன். அது இல்லன்னா இந்தப் பொண்ணுங்களுக்கு இன்னாத்தப் போடுவேன்?"

"நான் மூடாம வுட்டதயாவது சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா உன்ன வெச்சிருப்பாரா உங்க சாரு?" அவ்வளவுதான். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். "போ, போயி வேலயப் பாரு. எனக்கு எங்கனா ஒரு வூட்ல சமையல் வேல கெடைக்காமயா பூடும்."

வெள்ளிக்கிழமை காலை ரெக்சின் பையை எடுத்தேன். அதை எடுத்து நான்கு வருஷமாகியிருந்தது, ஓரத்தில் பூஞ்சை. தாம்பரத்தில் செங்கல்பட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் வந்து, "எங்க?" என்றார். எத்தனையோ முறை இப்படி ஏறியிருக்கிறேன். ஏதாவது ஒரு ஊர் வாயில் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. "யோவ், உன்னத்தான். ஊரு பேரு இல்லாதவனா நீ?" என்றார். பெருங்களத்தூர் என்றேன், அதுதான் அடுத்த நிறுத்தம் என்பதால். இறங்கினேன். பையோடு ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பி நடந்தேன். நடக்கும்போது பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. "எங்க ஆள் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னது மட்டும் காதில் இருந்தது.

சைக்கிள் கடை மாடி ஏறும்போது சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு மெதுவாக, "நீங்க அந்தக் கார்பன் காப்பியை எடுங்க" என்றார்.

எடுத்தேன். அந்த வரியைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று கேட்டேன்.

"கிழிக்கக் கூடாது. அழிக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு போடுங்க. கீழ இருக்கறது படிக்கிற மாதிரி இருக்கணும். நீங்க முதல்ல என்ன எழுதினீங்கன்னு யாரும் எப்பவும் படிக்கணும்."

கோடு போட்டேன். அதன் கீழே எழுதினேன்: "ஒரு மூட்டை (பிடியரிசி) மூடப்படவில்லை. அது பிறகு அடுக்கின் மேல் வைக்கப்பட்டது. அதில் சோதனை செய்யவில்லை. தவறு என்னுடையது." கையெழுத்துப் போட்டேன்.

"நாளைக்கு இதை நீங்க படிங்க" என்றார். "பையை அந்த மூலைல வைங்க."

சனிக்கிழமை காலை ஜெப அறையில் கமிட்டி. ஐந்து பேர். பெண்கள் சங்கத் தலைவியான ஒரு அம்மாவும் இருந்தார். எஸ்தர் அக்கா கதவருகே, சாவிக்கொத்தை ஏற்கெனவே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

ஞானராஜ் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்போ டிசம்பர்ல எழுதினது பொய்."

"ஆமா சார்."

"எங்க ஸ்டோர் கீப்பரை நாங்க அனுப்பியிருந்தா?"

அதற்குள் அந்தத் தலைவி அம்மா எழுந்துவிட்டார். "ஒரு நிமிஷம். பிடியரிசியிலயா வண்டு? எங்க வீடுங்கள்லேர்ந்து வந்ததா? யார் வீட்டு அரிசி, சொல்லுங்க பார்ப்போம்!"

எஸ்தர் அக்கா பயந்தது இதைத்தான். ராஜமாணிக்கம் சார் எழுந்தார்.

"அம்மா, எல்லா வீட்டு அரிசியிலயும் கொஞ்சம் முட்டை இருக்கும். என் வீட்டுலயும்தான். அது பொரிக்கறதுக்குள்ள நாம சாப்பிட்டு முடிச்சிடறோம், அதனால தெரியறதில்ல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பிடியரிசி டப்பாவை எப்போ கழுவுவீங்க?"

"கழுவறதா?" அந்த அம்மாவுக்கு அதிர்ச்சி. "அதை யாராவது தொடச்சு எடுப்பாங்களா? அடியில கொஞ்சம் விட்டுத்தான் கொட்டுவோம். காணிக்கை டப்பா காலியா இருக்கக் கூடாதே. எங்க வீட்ல என் மாமியார் காலத்து டப்பா. ஒரு நாள் காலியானதில்ல."

"அந்தக் கொஞ்சம்தாம்மா" என்றார் சார். "அது பழசாகிட்டே இருக்கு. ஒவ்வொரு வாரமும் புது அரிசியில அது ஏறிக்குது. உங்க டப்பா மட்டுமில்ல, எல்லாருடையதும் அப்படித்தான்."

ஞானராஜ் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எங்க வீட்லயும் அப்படித்தான் வெக்கறா" என்றார் தயக்கமாக. "அப்போ இந்தக் கமிட்டில உக்காந்திருக்கிற எல்லார் வீட்லயும் வண்டு. மினிட்ஸ்ல இதை எப்படி எழுதறது?"

யாரோ சிரித்துவிட்டார். தலைவி அம்மாவும் கடைசியில் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை. "சிரிச்சாச்சு. காணிக்கையை இனி என்ன செய்யறது? வேணாம்னு சபையில சொல்லவா முடியும்?"

கதவருகிலிருந்து எஸ்தர் அக்கா பேசினார். அன்று அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான். "வேணான்னு சொல்லாதீங்கம்மா. திங்கக்கெழம காலைல வருதில்ல? அன்னிக்கே பொடச்சி, அன்னிக்கு ராத்திரியே கஞ்சி வெச்சிட்றேன். ஸ்டோருக்குள்ளயே ஏத்தமாட்டேன். அன்னிக்கு மிச்சமாவற கடை அரிசி மாசக் கடைசி வரிக்கும் வரும். கணக்கு ஒண்ணுதான்."

சார் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதை நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

எஸ்தர் அக்காவின் வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று மட்டும் கோப்பில் ஏறியது. ஞானராஜ் சார் அதை விடமாட்டார். அடுத்த ஞாயிறு ஆலய அறிவிப்பில் வண்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையாம். காணிக்கை டப்பாக்களை மாதம் ஒருமுறை காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்து, புது அரிசியால் தொடங்கவேண்டும் என்று தலைவி அம்மா சொன்னாராம். சில பேர் முணுமுணுத்தார்களாம். ஆனால் கொண்டுவருவதை யாரும் நிறுத்தவில்லை.

மீதியிருந்த எல்லா மூட்டைக்கும் மறுபடி மருந்து வைத்தோம், எங்கள் செலவில். இந்த முறை ஸ்டூலையும் சேர்த்து மூடினேன். ஆறு மாதம் சார் என்னை அறிக்கை எழுத விடவில்லை, பாம்பு தூக்கினேன். அந்த ரெக்சின் பை ஆபீஸ் மூலையிலேயே கிடந்தது. பிறகு அதில் அளவு நாடாவையும் முகமூடிகளையும் போட்டு வைத்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் சார் காலமாகும் வரை அவரிடம்தான் இருந்தேன்.

அதற்கு முந்தைய வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். மகள் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் இருந்தாள். இவர் இன்னும் அதே ஸ்டோரில், அதே சாவிக்கொத்தோடு.

"திங்கக்கெழம கஞ்சி இன்னும் கீதாக்கா?"

"கீது. அஞ்சாறு நெறத்துல அரிசி, கலவையா இருக்கும். அதுக்குன்னு கேட்டு வாங்கித் துண்ணுதுங்க பொண்ணுங்க."

ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு நான் வராம ஓடிருந்தா இன்னாக்கா பண்ணிருப்ப?"

"சாவியக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

"அப்பவும் என்னப் பத்தி சொல்லிருக்கமாட்டியா?"

"நீயா வுட்ட அந்த மூட்டைய? நான் சொல்லித்தான வுட்ட" என்றார். "உன் தப்புல பாதி என்னிது. அதப் போயி எப்பிடிப் பிரிச்சிச் சொல்றது?" பிறகு வழக்கமான குரலில், "போ பாம்பாட்டி, வண்டி வந்துருச்சி" என்று படியிறங்கிப் போனார்.

மேடவாக்கத்து அட்டைக்கு வருகிறேன். அச்சடித்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே, "அரிசி, பருப்பு, ரவை டப்பாக்கள் திறந்து பார்க்கப்படவில்லை" என்று எழுதினேன்.

"சார், சார், இத ஆபீஸ்ல ஒத்துக்கமாட்டாங்க" என்று அவர் பதறினார். வாசலில் கழற்றிய செருப்பை மாட்டப் போனவர் நின்றார். கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். "சரி, டப்பாவக் காட்டுங்க சார். பாத்தே எழுதிடலாம்."

அரிசியில் எதுவும் காணவில்லை. பருப்பிலும் காணவில்லை. மூன்றாவதாகத் திறந்த ரவை டப்பாவில், மூடியின் உள்பக்கம் மெல்லிய நூல் கட்டியிருந்தது. நான் எழுதியதன்மேலும் ஒரு கோடு போட்டுவிட்டு, பார்த்த மூன்றையும் அவரே எழுதினார். அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்டேன்.